தேதி தாண்டிய பெல்ஜியக் கறுப்பு பீர்: திறக்கலாமா, எப்படிச் சுவைப்பது?

கேள்வி இதுதான். மச்சான் வீடு மாறும்போது நிலவறையிலிருந்து மூன்று பாட்டில்களை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்: ஒரு ரோஷ்ஃபோர் 10, லேபிளில் 2015 என்று போட்ட 75 சென்டிலிட்டர் ஷிமே கிராண்ட் ரிசர்வ், லேபிளே இல்லாமல் மஞ்சள் மூடி மட்டும் உள்ள வெஸ்ட்ஃப்ளேட்டெரன் 12. மூன்றுமே மடாலயத்துத் துறவிகளின் பெல்ஜிய பீர், எல்லாமே தேதி தாண்டியவை. குடிக்கலாமா, குடித்தால் எதைக் கவனிக்க வேண்டும், இன்னும் சில வருடம் விட்டுவைத்தால் இன்னும் நன்றாகுமா?

குடிக்கலாம். ஆல்கஹால் 9 முதல் 11 சதவீதம் வரை, கொஞ்சம் அமிலம், கசப்பு தரும் ஹாப்ஸ் பூ, இத்தனையும் இருக்கிற ஒன்றில் நோய்க்கிருமி வளராது. அந்தத் தேதியை மருந்துப் பாட்டில் தேதி மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம், "இதுவரைக்கும் நாங்கள் நினைத்த சுவை இருக்கும்" என்று காய்ச்சியவர் சொல்கிறார், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 10 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் இருந்தால் இந்தத் தேதியைப் போட வேண்டிய கட்டாயம்கூட இல்லை. ரோஷ்ஃபோர் 10-இல் 11.3, வெஸ்ட்ஃப்ளேட்டெரனில் 10.2, இரண்டுமே அந்தக் கோட்டைத் தாண்டியவை, ஷிமேதான் 9. இருந்தாலும் போடுகிறார்கள். நமக்கு அது நல்லது, ஏனென்றால் வயதைக் கணக்கிட அதுதான் வழி. வெஸ்ட்ஃப்ளேட்டெரன் 12-இன் மூடியில் இருப்பது பாட்டிலில் அடைத்த நாளிலிருந்து 3 வருடம் கழித்து வரும் தேதி, ஆக மூடியில் 2019 என்று இருந்தால் அது 2016-ஆம் வருடச் சரக்கு. ஷிமேயில் இந்தக் கணக்கே வேண்டாம், பெரிய பாட்டிலில் வருடத்தை அவர்களே லேபிளில் போட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது கேள்விதான் கொஞ்சம் பேச வேண்டியது. வைத்தால் நன்றாகுமா என்று கேட்டால் என் பதில்: வேறாகும். அந்த வேறு உங்களுக்குப் பிடிக்குமா என்பது தனி விஷயம், அது புதிய பாட்டிலையும் பழைய பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடிக்காதவரை யாருக்கும் தெரியாது. பழையதை மட்டும் திறந்து "ஆஹா, என்ன ஆழம்" என்று சொல்கிறவர்களை நான் பெரிதாக நம்புவதில்லை. புதியதிலும் அதே ஆழம் இருந்திருக்கலாமே?

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சாதாரண லாகர் பீர் ஆறு மாதத்திலேயே களைத்துப்போகும். இந்த மடாலய பீர்கள் தாங்குவதற்குக் காரணம் ஆல்கஹால் மட்டும் இல்லை. அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் உயிருள்ள ஈஸ்டும் சேர்த்து மூடுகிறார்கள், அது பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதித்து, அப்போது உள்ளே மாட்டிக்கொண்ட ஆக்சிஜனில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. அடியில் தங்கும் மண்டி அந்த ஈஸ்ட்தான். நிறத்துக்கும் காய்ந்த பழ வாசனைக்கும் பெரும் காரணம் கறுப்புக் காண்டி சர்க்கரைப் பாகு. (பல வருடம் வீட்டில் பீர் காய்ச்சும் அமெரிக்கர்கள் இதைக் கட்டிக் கட்டியான கற்கண்டு என்று நினைத்து அதை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அதில் சுவையே கிடையாது, பாகில்தான் எல்லாம். காண்டி என்ற சொல்லும் நம் கற்கண்டில் உள்ள கண்டும் சொந்தக்காரர்கள் என்பதால் அந்தக் குழப்பத்தை நான் மன்னித்துவிட்டேன்.)

புதிதாக இருக்கும்போது ஈஸ்ட் கொடுக்கிற இரண்டு வாசனைகள் தூக்கலாக நிற்கும். ஒன்று வாழைப்பழம், ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டர். இன்னொன்று கிராம்பு, 4-வினைல்குவாயகால். ரோஷ்ஃபோரில் இவற்றோடு தனியா விதையும் சேரும், நிஜமாகவே கொஞ்சம் போடுகிறார்கள். அப்புறம் ஆல்கஹால் சூடு, தொண்டையில் இறங்கும்போது "நான் 11 சதவீதம்" என்று சொல்லிக்கொண்டே போகும். காலம் போகப் போக வாழைப்பழ எஸ்டர் சிதைந்து குறைகிறது, கிராம்பு மங்குகிறது, அதில் ஒரு பகுதி வெனிலா வாசனையாக மாறுகிறது. ஹாப்ஸின் கசப்பும் தேய்கிறது, அதனால் சர்க்கரை கூடாமலே பீர் இன்னும் இனிப்பாகத் தோன்றும். மூடி வழியாக மிக மெதுவாக நுழையும் ஆக்சிஜன் இன்னொரு பக்கம் வேலை செய்கிறது: ஷெர்ரி வைன், தேன், பாதாம், உலர்ந்த அத்தி, பழைய மரப்பெட்டி என்று ஆட்கள் சொல்லும் வாசனைகள் அங்கேயிருந்துதான் வருகின்றன.

இதில் நம் ஆட்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, அதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பழைய பீரில் வருடத்தோடு கூடிக்கொண்டே போகும் ஒரு பொருள் சோடோலோன். பழைய ஷெர்ரியிலும், பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் எடுக்கும் மஞ்சள் வைனிலும், பழைய ரம்மிலும் இருப்பது அதுவேதான். வெந்தயத்தின் வாசனையும் அதுதான், ஒப்பிட்டுச் சொல்லவில்லை, வெந்தயத்தில் இருக்கிற அதே மூலக்கூறு. ஆங்கிலத்தில் எழுதும் சுவைஞர்கள் மேப்பிள் பாகு, கறி, மதேரா என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். எங்கள் வீட்டில் மூன்று வெவ்வேறு வயதுள்ள ரோஷ்ஃபோர் 10-களை வரிசையாக ஊற்றியிருந்தேன், புதியது, நாலு வருடம், ஒன்பது வருடம், எந்தக் கண்ணாடியில் எது என்று எனக்கு மட்டும் தெரியும். மனைவிக்கு பீர் பிடிக்காது, சும்மா மூக்கை மட்டும் வைத்தாள். முதலாவதில் "வாழைப்பழத்தைச் சூட்டில் வைத்த மாதிரி". இரண்டாவதில் ஒன்றும் சொல்லவில்லை, திரும்ப ஒருமுறை முகர்ந்தாள். மூன்றாவதில் தலையைத் தூக்கி, "இது அம்மா கிண்டுற வெந்தயக் களி. கருப்பட்டி போட்டது" என்றாள். நான் அதற்கு முன் அந்த வாசனைக்கு "கேரமல்" என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டு வெந்தயக் களி என்று எழுதினேன். அன்றிலிருந்து என் நோட்டில் கேரமல் என்ற சொல்லே கிடையாது, கருப்பட்டியா, பனங்கற்கண்டா, பழைய வெல்லமா என்று பிரித்துத்தான் எழுதுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பிளம், ஃபிக், டாஃபி என்று புத்தகத்தில் உள்ளதைத் தேடிக்கொண்டிருந்தால் மூக்கு சொல்வது காதில் விழாது. வீட்டுப் பானையில் இருக்கும் பழம்புளி, இந்த வருடப் புளிக்கும் போன வருடப் புளிக்கும் உள்ள வித்தியாசம், அதுவே போதுமான பயிற்சி.

சரி, திறக்கிற வேலைக்கு வருவோம். மச்சான் வீட்டிலிருந்து காரில் குலுங்கி வந்த பாட்டிலை அன்றைக்கே திறக்காதீர்கள். ஒரு வாரமாவது, முடிந்தால் இரண்டு வாரம், இருட்டில் நிமிர்த்தி நிற்க வையுங்கள், கலங்கின மண்டி அடியில் இறங்கட்டும். படுக்க வைப்பது கூஸ் போன்ற புளிப்பு பீர்க்காரர்களின் வழக்கம், இவற்றுக்கு வேண்டாம். படுக்க வைத்தால் மண்டி பக்கவாட்டில் கோடாக ஒட்டிக்கொள்ளும், ஊற்றும்போது எல்லாம் கலந்துவிடும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடித்தால் காசு வீண். அந்தக் குளிரில் இனிப்பும் வாசனையும் தூங்கிவிடும், வாயுக் குமிழும் ஆல்கஹாலும்தான் தெரியும். நிலவறைச் சூடு, அதாவது 12 டிகிரி வாக்கில் திறந்து, கண்ணாடியில் 16 வரை ஏற விடுங்கள். ஒரு கிண்ணத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகட்டும். பாதி சுவை கடைசி மூன்று வாயில்தான் வரும், அதுவரை பொறுமை இல்லாதவர்கள் இந்த பீரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கட்சி.

மடாலயங்கள் கொடுக்கும் அகல வாய்க் கிண்ணம் பார்க்க அழகு, புதிய பீருக்குப் பொருத்தமும்கூட. பழையதற்கு நான் சாதாரண வைன் கிளாஸ்தான் எடுப்பேன், வயிறு அகன்று வாய் குறுகியது, மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி. பழைய பீரில் நுரை குறைவாகத்தான் இருக்கும், ஈஸ்டிலிருந்து கசியும் நொதி நுரையைத் தாங்கும் புரதத்தைக் காலப்போக்கில் அரித்துவிடுகிறது. எனவே நுரை இல்லை என்று பயப்பட வேண்டாம். பாட்டிலைச் சாய்த்துவிட்டால் திரும்ப நிமிர்த்தாமல் ஒரே சாய்ப்பில் எல்லாக் கண்ணாடிகளுக்கும் ஊற்றி முடியுங்கள், கழுத்துக்கு மண்டி வருவதற்கு முன் நிறுத்துங்கள். மண்டியைத் தனியாக ஒரு சின்னக் கண்ணாடியில் ஊற்றி முகர்ந்து பாருங்கள், அதில்தான் அடுத்து சொல்லப்போகிற குறை முதலில் தெரியும்.

குறைகள். நனைந்த அட்டைப்பெட்டி, மழையில் ஊறிய செய்தித்தாள் வாசனை வந்தால் அது கெட்ட ஆக்சிஜனேற்றம், டிரான்ஸ்-2-நோனெனால் என்பது அதன் பெயர், லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். கறுப்பு மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) அதைக் கொஞ்சம் மறைக்கும், முழுக்க மறைக்காது. சோயா சாஸ், இறைச்சிச் சாறு, உப்புச் சுவை வந்தால் ஈஸ்ட் செத்துக் கரைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். துளி இருந்தால் ஆழம் கூடும், தூக்கினால் பாட்டில் போச்சு. புளித்த வாடை, வினிகர் மாதிரி குத்தினால் வெளியே இருந்து பாக்டீரியா நுழைந்திருக்கிறது. ரோஷ்ஃபோருக்கும் ஷிமேக்கும் வெஸ்ட்ஃப்ளேட்டெரனுக்கும் புளிப்பு எந்த வயதிலும் வரக் கூடாது. ஃபிளாண்டர்ஸின் சிவப்பு பீர்கள் புளிப்பது வேறு கதை, அது அவர்களே வேண்டுமென்று செய்வது.

ருசி பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள்: ஒரு சின்ன வாய் எடுத்து நாக்கில் பரப்பி, விழுங்கிய பிறகு வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். முன்னால் முகர்ந்தபோது கிடைக்காத வாசனை அப்போது பின்பக்கமாக வரும், வெந்தயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கசப்பு எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். நல்ல பழைய பாட்டிலில் இனிப்பு முன்னால் வந்து, நடுவில் காய்ந்த திராட்சையும் பேரீச்சையும் வந்து, முடிவில் நாக்கு ஓரளவு வறண்டு நிற்க வேண்டும். முடிவிலும் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டே இருந்தால் அது வயதேறிய பீர் இல்லை, களைத்துப்போன பீர்.

இப்போது உங்கள் மூன்று பாட்டில்கள். ஒரே இரவில் திறக்காதீர்கள், ரோஷ்ஃபோரின் 33 சென்டிலிட்டரில் மட்டும் கிட்டத்தட்ட 29 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, ஒரு பாட்டிலை மூன்று பேர் பகிர்ந்தால் போதும். மூன்று வாரம், மூன்று மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரோஷ்ஃபோரிலிருந்து தொடங்குங்கள், காரணம், அதன் புதிய பாட்டில் பெல்ஜியத்தில் எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். நீல மூடி போட்டது, பச்சை மூடி 8, சிவப்பு 6, மாற்றி எடுத்துவிடாதீர்கள். பழையதோடு புதியதை வைத்து ஒரே சமயத்தில் ஊற்றுங்கள். இது ஒன்றைச் செய்தாலே மற்ற இரண்டையும் எப்படிப் படிப்பது என்று மூக்குக்குப் பிடிபட்டுவிடும். என் அனுபவத்தில் ரோஷ்ஃபோர் 10 மூன்றாவது வருடத்திலிருந்து ஆறாவது வரை நன்றாக இருக்கும். அந்த ஆல்கஹால் சூடு அடங்கிவிடும், தனியா வாசனை மங்கும், கருப்பட்டி மேலே வரும். பத்தைத் தாண்டினால் எல்லா பீரும் ஒன்றுபோல ஷெர்ரி ஆகத் தொடங்குகிறது, எந்த மடம் என்பதே தெரியாது, அப்புறம் எதற்கு மடத்துப் பெயருக்குக் காசு?

ஷிமே கிராண்ட் ரிசர்வ் கிறிஸ்துமஸ் பீராகத் தொடங்கியது, வயதேற்றிக் குடிக்கும் பழக்கம் இதற்கு உண்டு. உங்களுடையது 75 சென்டிலிட்டர் என்பது நல்ல விஷயம், பெரிய பாட்டிலில் பீர் அளவுக்கு ஏற்ற காற்று குறைவு, மெதுவாகத்தான் வயதாகும். அதே வருடத்து 33 சென்டிலிட்டர் பாட்டிலைவிட இளமையாகவே தெரியும். ஆல்கஹால் 9 மட்டும் என்பதால் 2015-ஐ இன்னும் வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, இந்தக் குளிர்காலத்தில் திறந்துவிடுங்கள்.

வெஸ்ட்ஃப்ளேட்டெரன்தான் எல்லாரும் பத்திரமாகப் பூட்டி வைப்பது, அதனாலேயே எல்லாரும் அளவுக்கு மீறி வைத்துவிடுவதும். 2005-இல் ஓர் இணையத் தரவரிசையில் உலகின் சிறந்த பீர் என்று வந்ததும் அதைக் காய்ச்சும் சிண்ட் சிக்ஸ்டஸ் மடாலய வாசலில் கார்கள் வரிசை கட்டிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். துறவிகள் அதற்காக ஒரு பாட்டில்கூட அதிகம் காய்ச்சவில்லை, பீர் விற்பது மடம் நடப்பதற்குத்தான், மடம் பீருக்காக இல்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. முன்பெல்லாம் போன் போட்டுக் காத்திருந்து கார் எண்ணைச் சொல்லி வாங்க வேண்டும், 2019-லிருந்து இணையத்தில் முன்பதிவு. இதற்குப் புதிய பாட்டில் கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர் வாட்டூவின் செயின்ட் பெர்னார்டஸ் ஆப்ட் 12-ஐ வாங்கி ஒப்பிடுங்கள், 10 சதவீதம், விலை குறைவு, கடையில் சாதாரணமாகக் கிடைப்பது. 1946 முதல் 1992 வரை அந்த மடாலயத்து பீரை உரிமம் பெற்றுக் காய்ச்சியவர்கள் அவர்கள்தான். இரண்டும் இன்று ஒன்று இல்லை, ஆனால் ஒரே வீட்டில் வளர்ந்த ஜாடை இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் எனக்குப் பாதி நேரம் பெர்னார்டஸ்தான் அதிகம் பிடிக்கிறது, இதைச் சொல்லி ஒரு கெட்-டுகெதரில் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

பழையதை விலை கொடுத்து வாங்கலாமா என்று அடுத்த கேள்வி வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆன்ட்வெர்ப்பின் குல்மினாட்டர் பார் மாதிரி, வருடவாரியாகத் தடிமனான பட்டியல் வைத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து குடிப்பது ஒன்று; அங்கே பாட்டில் இருந்த நிலவறையையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். சுற்றுலாக் கடை அலமாரியில் வாங்குவது வேறு. ஒரு கடையில், பெயர் வேண்டாம், எட்டு வயது என்று புதிய விலையைப் போல நாலு மடங்கு கொடுத்து ஒரு பாட்டில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் லேபிளின் ஒரு பக்கம் மட்டும் வெளிறியிருந்தது. வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் பல கோடைகாலம் நின்றிருக்கிறது. திறந்தேன், அட்டைப்பெட்டியும் சோயாவும் போட்டி போட்டன. சூடு பத்து டிகிரி கூடினால் இந்த வேதிவினைகள் இரண்டு மூன்று மடங்கு வேகமாகும், அதனால் வயது எட்டு என்பதில் அர்த்தமே இல்லை, எங்கே எட்டு வருடம் என்பதுதான் கேள்வி. ஊருக்குப் போகும்போது ஆசைக்கு ஒன்றை எடுத்துப்போய் அலமாரியில் வைத்து "பத்து வருடம் கழித்து" என்று திட்டம் போடுபவர்களுக்கும் இதேதான் பதில், அங்கே ஒரு கோடையே மூன்று வருடம்.

நீங்களே வயதேற்றிப் பார்க்க நினைத்தால் அபூர்வமானதைத் தேடாதீர்கள். ரோஷ்ஃபோர் 10-இல் ஒரே தேதி போட்ட ஆறு பாட்டில் வாங்கி, ஒன்றை அன்றைக்கே குடித்துக் குறிப்பெழுதி, மற்றதை வருடத்துக்கு ஒன்றாகத் திறந்துகொண்டே வாருங்கள். பெல்ஜியத்தின் மெக்கெலன் ஊரில் ஹெட் ஆங்கர் என்ற பீர் ஆலைக்காரர்கள் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் பிறந்த பிப்ரவரி 24-இல் வருடத்துக்கு ஒருமுறை காய்ச்சும் கௌடன் கரோலஸ் குவே ஃபான் டி கெய்சர் கறுப்பும் 11 சதவீதத்தில் இதற்குத் தோதானது, வருடம் பிரித்து வைப்பது சுலபம்.

ஒன்று விட்டுப்போச்சு. உங்கள் ஷிமேயில் கார்க் இருக்கும். இத்தனை வருடமான கார்க் சிலசமயம் சுருங்கி இறுகி, திருகும்போது தலை மட்டும் கையோடு வந்துவிடும். அவசரப்பட்டு உள்ளே குத்தித் தள்ளாதீர்கள். வைன் கார்க் திருகாணியை மெதுவாக இறக்கி இழுங்கள், உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கும், அதனால் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தை விட்டுத் தள்ளிப் பிடித்து. தூள் விழுந்தால் கவலையில்லை, ஊற்றும்போது டீ வடிகட்டி போதும்.